சூடு சொரணையும் ஒரு நீல கேனும்

கோழிப் பண்ணையில் கோழிச் சத்தம் கேட்கவில்லை என்றால், ஒன்று உள்ளே கோழி இருக்காது. இல்லாவிட்டால் கோழிக்கே வாழ்க்கை வெறுத்துப்போயிருக்கும். நாங்கள் நுழைந்த கொட்டகையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைக் கோழிகள் இருந்தன. அத்தனையும் உட்கார்ந்திருந்தன. புது ஆள் வந்தால் கோழி சிதறி ஓட வேண்டும். இவை தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, இவனா என்பது போல் பழையபடி திரும்பிக்கொண்டன.

"எழுந்திருக்காதா?" என்றேன்.

"கால்ல தெம்பு இல்ல," என்றார் பண்ணைக்காரரின் மனைவி. "தீனித் தட்டு வரைக்கும் நகரும். அப்புறம் உக்காந்துடும்."

பஸ் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரம் சொல்கிற குரல் அது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எங்களை வரவழைத்தவர் அவர்தான். ஃபோனிலும் இதே குரலில்தான் பேசினார். "என் தம்பிய இன்னிக்கு சாயந்திரம் வண்டியேத்தி அனுப்பப் போறார் இவர். திருடன்னு சொல்லி. அவன் போயிட்டா எனக்குன்னு யாரும் கெடையாது. அவன் எடுத்தானா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." அவ்வளவுதான். அழுதிருந்தால் சித்தி ஒருவேளை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பாள். அழாததால் உடனே செருப்பை மாட்டினாள்.

சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் 'எரிந்துபோன' கடைகளையும் 'தொலைந்துபோன' நகைகளையும் விசாரித்து விசாரித்தே ஓய்வு பெற்றவள். பொய் கேட்டுப் பழகிய காது சும்மா இருக்குமா? துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுடைய உதவியாளன். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் சித்தியிடம் உதவியாளனாக இருப்பவனுக்கு உலகம் என்ன மரியாதை தருமோ, அதைத்தான் அந்தக் கோழிகளும் தந்தன.

திரும்பி நடந்தேன். தரையில் பரப்பியிருந்த உமி ஈரத்தில் பிசுபிசுத்து என் இடது செருப்பைப் பிடித்துக்கொண்டது. நான் வந்துவிட்டேன். செருப்பு வரவில்லை.

"சித்தி, தடயம் என் செருப்பைப் பிடிச்சிருச்சு."

"தடயமாவது உன்னப் பிடிச்சிருக்கேன்னு சந்தோஷப்படு. வா."

பண்ணைக்காரர் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தார். மேசை, மின்விசிறி, கம்பெனிக்காரன் கொடுத்த நாட்காட்டி. கோபப்பட்டுக் களைத்து, கோபமும் தீர்ந்துபோன முகம்.

"என்சைம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"சோப்புத்தூள் விளம்பரத்துல கேட்டிருக்கேன்," என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எதையோ யோசிக்கிற பார்வை அது.

"கோழி தின்னற தானியத்துல பாதிச் சத்து பூட்டிக் கெடக்கும்மா," என்றார் பண்ணைக்காரர். "அதைத் திறக்கற சாவி கோழி வயித்துல கெடையாது. இந்த என்சைம்தான் சாவி. மாவுச்சத்தை உடைச்சுக் குடுக்கும். எலும்புக்கு வேண்டியதை அவிழ்த்து விடும். அதை நம்பித்தான் தீவனத்துல எலும்புச் சத்து மாவைக் குறைச்சேன். ஆரம்பத்துல கோழியெல்லாம் குத்துக்கல்லாட்டம் நின்னுச்சு. இப்ப பாத்தீங்கல்ல? காலு மடங்குது. எச்சம் தண்ணியாப் போகுது. தரை கூழா இருக்கு."

"அப்ப சாவியைக் காணோம்ங்கறீங்க."

"காணோம் இல்ல. வித்துட்டான்." குரலை உயர்த்தவில்லை. "நீல கேன்ல வரும். கேன் என்னவோ ஒழுங்கா காலியாகுது. கால்நடை டாக்டர் தீவனத்தை எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு, அதுல என்சைமே இல்லேங்கறார். கேன்லயும் இல்ல, தீவனத்துலயும் இல்ல. பக்கத்துப் பண்ணையில போய்ப் பாருங்க, நம்ம நீல கேன் வரிசையா நிக்குது. கலக்கற வேலை முழுக்க மச்சினன் கையில. இதுக்கு மேல எனக்குத் துப்பறிய என்ன இருக்கு?"

சித்தி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "டாக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. உங்க வார்த்தை வேண்டாம்."

அவர் யோசித்தார். "என்சைம் வேலை பாக்கலேன்னார். ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? எங்க வீட்டுலயும்தான் ஒருத்தன் இருக்கான். வேலை பாக்கல. ஆனா இருக்கான்ல?"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?" என்றாள் சித்தி.

"மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொன்னேன். மரம் மாதிரி நின்னான். ரோஷம் இருக்கறவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவான், இல்ல அழுவான். சூடு சொரணை இல்லாத பய. பொண்டாட்டி செத்தப்பகூட அப்படித்தான் நின்னான். பையைக் கட்டச் சொன்னேன். கட்டிட்டான். அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

மச்சினர் தீவனக் கொட்டகையின் வாசலில், கட்டிய பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிற ஆளின் பதற்றமும் இல்லை, போகமாட்டேன் என்கிற முறைப்பும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே கோழிகள் உட்கார்ந்திருந்ததற்கும் இவர் உட்கார்ந்திருந்ததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய மனிதர். வேலை நேரத்திலும் வெள்ளைச் சட்டை. விறைப்பாக இஸ்திரி போட்டது.

"சட்டை யாரு போட்டுக் குடுக்கறது?" என்றாள் சித்தி. திருட்டு வழக்கில் கேட்கிற முதல் கேள்வி!

"அக்கா," என்றார்.

"அவன் பொண்டாட்டி இருந்தவரைக்கும் அவ கஞ்சி போட்டு விறைப்பா வச்சிருப்பா," என்றார் பண்ணைக்காரரின் மனைவி. எங்களுக்குத் தேநீர் கொண்டு வந்திருந்தார். "இப்ப நான் போடறேன். கசங்கின சட்டையோட அவனைப் பாக்க எனக்கு முடியல."

எவர்சில்வர் டம்ளர்கள். நான் என்னுடையதை வலது கையில் வாங்கி, இடது கைக்கு மாற்றி, மறுபடி வலதுக்கு மாற்றி, கடைசியில் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டேன். மச்சினர் தன்னுடையதை உள்ளங்கை முழுக்கச் சேர்த்துப் பிடித்தபடி, குடிக்காமல் வைத்திருந்தார்.

"கேனை வித்தீங்களா?" சித்தி.

"இல்லிங்க."

"பக்கத்துப் பண்ணைக்கு எப்படிப் போச்சு?"

"காலி கேன் கேட்டார். குடுத்தேன்."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"அவர் வித்தியான்னுதான் கேட்டார். குடுத்தியான்னு கேக்கல."

"விரல்ல என்ன கொப்புளம்?"

அவர் தன் விரலைப் பார்த்தார். வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தார். "தெரியல."

"எப்ப வந்துச்சு?"

"கவனிக்கல."

என் அனுபவத்தில், குற்றவாளிகள்தான் 'தெரியல', 'கவனிக்கல' என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், சித்தி வீட்டுப் பாலில் ஆடை காணாமல் போகும்போது. ஆள் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் முடிவு கட்டிய ஆள் இதுவரை ஒருமுறைகூடக் குற்றவாளியாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஊரில் மீசை என்று பெயர். மீசை முதலில் வேலிக்கு வந்தது, பின்னால் அவர் வந்தார். அவருடைய கோழிகள் ஆரோக்கியமானவை. ஒன்று வேலியிடுக்கு வழியாகக் கழுத்தை நீட்டி என் முழங்காலைக் கொத்தியதில் அது நிரூபணமானது.

"இந்தக் கேனா?" மீசை சிரித்தார். "தண்ணி தூக்கறேம்மா. நல்ல கனமான கேன், கைப்பிடியும் இருக்கு. தூக்கிப் போடறதை நான் கேட்டு வாங்கினேன். இதுக்கு நம்ம ஆளு துப்பறியற பொம்பளையைக் கூட்டிட்டு வந்திருக்காரா? என்சைம் நானும்தான் போடறேன், இல்லேங்கல. ஆனா எனக்குத் தூளு. வேற கம்பெனி. வந்து பாருங்க."

பார்த்தோம். மூட்டை மூட்டையாகத் தூள் இருந்தது. நீல கேன்கள் எல்லாவற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. சித்தி ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன். எனக்கு அவள் முகர்ந்தது மட்டும்தான் தெரிந்தது.

"மச்சினர் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டாள்.

"தங்கம். ஆனா சூடு சொரணை கெடையாது. நான் என்ன கிண்டல் பண்ணினாலும் உறைக்காது. பொண்டாட்டி போனதுலேந்து இன்னும் மோசம். நேத்து அவங்க கொட்டகைப் பக்கம் போனேன், பீடி பத்த வச்சுக் குடுத்தேன். வாங்கினான். வாங்கிட்டு மறந்துட்டான். விரல் வரைக்கும் எரிஞ்சு வந்தப்புறம் நான்தான் தட்டி விட்டேன். அப்படி ஒரு யோசனை."

"யோசனை," என்றாள் சித்தி.

"ஆமா. துக்கம்தானே."

திரும்பி வரும் வழியில் சித்தி பேசவே இல்லை. நான்தான் பேசினேன். "சித்தி, சரக்கு இங்க வரல. அப்ப வேற எங்கயோ போயிருக்கு. கள்ளச் சந்தையில கோழி என்சைம் வாங்க யார் வருவாங்க? கோழியா?"

"உன் சோப்புத்தூள் விளம்பரத்துல என்னடா சொன்னான்?"

"கறையை என்சைம் தின்னுடும்னு."

"அது எல்லாக் கறையையுமா திங்கும்? சாதம் ஒட்டின கறை, கஞ்சிக் கறை, இதையெல்லாம்தான். மாவுச்சத்து." நடந்துகொண்டே சொன்னாள். "அந்த அம்மா சட்டைக்குப் போடற கஞ்சி மிச்சம் இருக்குமா, கேளு."

இருந்தது. ஒரு பாத்திரம் நிறைய, பசை மாதிரி கெட்டியாக. சமையலறை மேடையில் மூன்று டம்ளர் வைத்து மூன்றிலும் கஞ்சியை ஊற்றச் சொன்னாள் சித்தி. பண்ணைக்காரர் வாசல்படியில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி அடுப்பருகில். மச்சினரை நடுவில் நிற்க வைத்தாள். நான் கரண்டியுடன். சமையலறையில் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல்முறை.

"முதல் டம்ளர் அப்படியே இருக்கட்டும். ரெண்டாவதுல, கொட்டகையில திறந்து வச்சிருக்கற நீல கேன்லேந்து ஒரு கரண்டி. மூணாவதுல, தயாரான தீவனத்தைத் தண்ணியில ஊற வச்சு வடிகட்டி ஒரு கரண்டி. நல்லாக் கலக்கிட்டு சும்மா இருங்க."

சும்மா இருந்தோம். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கமாகியிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழாயில் சொட்டிய தண்ணீர் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

பிறகு சித்தி டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காட்டினாள். முதலாவது நகரவில்லை. மூன்றாவதும் நகரவில்லை. நடு டம்ளர் கவிழ்த்ததும் தண்ணீராக ஓடி, மேடையிலிருந்து வழிந்து என் காலில் கொட்டியது. மிச்சமிருந்த ஒரு செருப்பும் போச்சு.

"பாத்தீங்களா? கேன்ல இருக்கறது அசல் சரக்கு. கஞ்சியை எப்படித் தின்னுருக்கு பாருங்க. தண்ணி கலக்கல, மாத்தி வைக்கல."

"அப்ப அவன் ஊத்தல," என்றார் பண்ணைக்காரர். "அசலை எடுத்து வச்சுக்கிட்டு, தீவனத்தை வெறுமனே அனுப்பறான்."

"கையை நீட்டுங்க," என்றாள் சித்தி, மச்சினரிடம்.

நீட்டினார். இடது சட்டைக் கை அட்டை மாதிரி விறைத்து நின்றது. வலது கை, மணிக்கட்டிலிருந்து ஒரு சாண் தூரம், துவண்டு தொங்கியது. நனைந்து காய்ந்த பழந்துணி மாதிரி.

"ஒரே சட்டை. ஒரே பாத்திரத்துக் கஞ்சி. இந்த அம்மா வலது கைக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணியிருப்பாங்களா? கேனைச் சாய்க்கும்போது சொட்டுச் சொட்டா இங்க தெறிச்சிருக்கு. என்சைம் தீவனத்துல வேலை பாக்கல. இவர் சட்டையில நல்லாவே வேலை பாத்திருக்கு. ஊத்தியிருக்கார் சார். ஒவ்வொரு தடவையும் ஊத்தியிருக்கார்."

பண்ணைக்காரரின் மனைவி கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் வேறு எதுவும் மாறவில்லை. பண்ணைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். குற்றம் சாட்டியவருக்குக் குற்றம் கையிலிருந்து நழுவும்போது வருகிற முகம். இன்சூரன்ஸ் காலத்தில் சித்தி இந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறாளாம்.

"அப்ப ஊத்தினது எங்க போச்சு?" என்றார்.

"எங்கயும் போகல. செத்துப்போச்சு. எப்படிச் செத்துச்சுன்னு பாக்கணும். ஒரு தடவை கலக்கச் சொல்லுங்க. வழக்கமா எப்படிச் செய்வாரோ அப்படியே."

மச்சினர் மறுபேச்சுப் பேசாமல் மெஷினைப் போட்டார். அரைத்த தானியமும் புண்ணாக்கும் ஆவியில் வெந்து, சல்லடைத் துளைகள் வழியாகக் குச்சி குச்சியாக வெளியே வந்து, தட்டையான தொட்டியில் குவிந்தன. மேலே ஒரு பெரிய விசிறி. குவியலிலிருந்து புகை எழுந்தது. வாசனை நன்றாகவே இருந்தது. எனக்கே பசித்தது. கோழியாகப் பிறந்திருந்தால் சித்தியிடம் வேலைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

"இந்தச் சூட்டுல என்சைம் ஊத்தக் கூடாது," என்றார் பண்ணைக்காரர், சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்து. "ஊத்தினா வெந்து செத்துடும். ஆற விட்டு ஊத்தணும். கம்பெனிக்காரன் வெப்பமானி வாங்கச் சொன்னான். எதுக்கு? ஆண்டவன் கை குடுத்திருக்கானே. கை பொறுக்கற சூடு வந்ததும் ஊத்துடான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதுல அவனைக் குறை சொல்ல முடியாது. கையை விட்டுப் பாக்காம ஒரு தடவைகூட ஊத்தினதில்ல. நானே நின்னு பாத்திருக்கேன்."

அவர் சொன்னது போலவே நடந்தது. மச்சினர் மெஷினை நிறுத்தினார். வலது கையைக் குவியலுக்குள் மணிக்கட்டு வரை நுழைத்தார். அவசரப்படாமல் வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"பொறுக்குது," என்றார். கையை எடுத்தார். நீல கேனைத் தூக்கினார்.

"நிறுத்துங்க," என்றாள் சித்தி. என் பக்கம் திரும்பினாள். "டேய், நீ கையை விடு."

"நானா?"

"அவருக்குப் பொறுக்குதுன்னா உனக்குப் பொறுக்காதா? விடுடா ராசா."

ராசா என்று அவள் கூப்பிட்டால் ஏதோ ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விட்டேன்.

அதன் பிறகு நான் என்ன கத்தினேன் என்பதை இந்தப் புத்தகத்தில் அச்சிட முடியாது. தொட்டியைச் சுற்றி ஒற்றைக் காலில் ஆடினேன், வெறுங்காலோடு. என் கூச்சலை முதல்முறையாக ஒருவர் சாட்சியாக ஏற்றுக்கொண்டார். உட்கார்ந்திருந்த கோழிகளில் ஒன்றிரண்டுகூட எழுந்து நின்றதாகப் பண்ணைக்காரரின் மனைவி பிறகு சொன்னார்.

மச்சினர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுடுதா?" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சித்தி போய் அவருடைய வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை சிவந்திருந்தது. விரல் நுனிகளில் பழைய கொப்புளங்கள், ஆறியவை, ஆறாதவை. "சுவத்தைப் பாருங்க," என்றாள். அவர் சுவரைப் பார்த்தார். சித்தி அவருடைய சுண்டுவிரலை நகத்தால் கிள்ளினாள். நல்ல கிள்ளு. எனக்கு அது தெரியும், அந்தக் கிள்ளில் வளர்ந்தவன் நான்.

"எந்த விரலைக் கிள்ளறேன்?"

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிள்ளறீங்களா?" என்றார்.

சித்தி கையை விடவில்லை. பண்ணைக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள், குரலைத் தாழ்த்தி. "சூடு சொரணை இல்லன்னு நீங்க சொன்னீங்க. பக்கத்துப் பண்ணைக்காரரும் சொன்னார். ரெண்டு பேரும் திட்டறதா நெனச்சுத்தான் சொன்னீங்க. ஆனா நோயைச் சொல்லியிருக்கீங்க. இந்தக் கைக்குச் சூடு தெரியல சார். எந்தச் சூடும் இதுக்குப் பொறுக்கற சூடுதான். நீங்க சொன்னதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்கார். கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கார். சர்க்கரையா, நரம்பான்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். அது என் வேலை இல்ல. இவர் திருடல. அது மட்டும்தான் என் வேலை."

நான் பண்ணைக்காரரின் மனைவியைப் பார்த்தேன். தம்பி திருடனில்லை என்று கேட்கத்தான் எங்களைக் கூப்பிட்டார். கேட்டுவிட்டார். ஆனால் அதைச் சொன்ன வாயாலேயே சித்தி இன்னொன்றையும் சொல்லிவிட்டாளே. கோழிகளை உட்கார வைத்தது தம்பியின் கைதான். இப்போது அவர் முகம் யாரையும் கெஞ்சவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தது, வரப்போவது வரட்டும் என்கிற மாதிரி.

"எப்பலேந்துடா?" என்றார் பண்ணைக்காரர்.

"தெரியல மாமா."

"இதுகூடவா தெரியாது?"

மச்சினர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதன் பிறகு வந்தது. "வலிச்சாத்தானே மாமா தெரியும். அவ போனதுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே இப்படித்தான் இருந்துச்சு. சாப்பாடு, தூக்கம், நீங்க திட்டறது, எல்லாமே எங்கயோ தூரத்துல நடக்கற மாதிரி. கையும் அதுல சேர்த்தின்னு நெனச்சேன்."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வாயில் வரும். வரவில்லை.

"அப்ப கோழிக்கு இப்படி ஆனது என்னாலதான்," என்றார் மச்சினர். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பது போலச் சொன்னார். போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "கெளம்பறேன் மாமா. அக்கா, வரேன்."

பண்ணைக்காரர் அவரைத் தடுக்கவில்லை. தொட்டியருகே போனார். சட்டைக் கையை மடித்தார். மணிக்கட்டு வரை தன் கையைக் குவியலுக்குள் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் வைத்திருந்தார். அது ரொம்ப நேரம் இல்லை. எடுத்தபோது கை சிவந்திருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெளம்பு," என்றார்.

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கெளம்புடா, நிக்கறே? ஆஸ்பத்திரி மூடிட்டான்னா நாளைக்குத்தான் பாப்பான். சாயந்திரம் வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? வண்டிய எடுக்கறேன், ஏறு." மனைவியிடம் திரும்பினார். "அந்தப் பையை இறக்கி உள்ள வை. என்னத்துக்கு அதைச் சுமந்துக்கிட்டு?"

சித்தி தன் முழங்காலைத் தடவினாள். "எலும்புச் சத்து மாவை இன்னிக்கே பழைய அளவுக்கு ஏத்திடுங்க சார். அப்புறம், அந்த வெப்பமானி..."

"வாங்கிடறேன்மா," என்றார்.

பண்ணை வண்டியில் முன்னால் பண்ணைக்காரரும் சித்தியும். பின்னால், காலிக் கூண்டுகளுக்கு நடுவில், நாங்கள் மூன்று பேர். நான் எதற்கு என்கிறீர்களா? என் கையும் வெந்திருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாதித் தண்ணீர் என் மடியில் விழுந்தது. வலிக்கிறது என்று நான் முனகும்போதெல்லாம் மச்சினர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொறாமை என்று சொல்ல மாட்டேன். வேறு வார்த்தையும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் முனகவில்லை.

அக்கா அழவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்து, புண் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். தம்பிக்கு அது தெரியவில்லை. வெளியே ஓடும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கியதில் தற்செயலாகக் குனிந்தவர், தன் கை அக்காவின் கைக்குள் இருப்பதைக் கண்டார்.

கொஞ்ச நேரம் மறுபடி மரத்தைப் பார்த்தார். பிறகு சந்தேகம் வந்தது போல் குனிந்து பார்த்தார். இருந்தது. இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் இருந்தது. கண்ணை எடுத்தால் போய்விடும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் அதன் பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.